காதில் விழுந்த பெயர்கள்

கார் ஹார்ன் நிற்காமல் அலறியது. மாட வீதியை ஒட்டிய அந்தச் சந்தில் பால்காரரின் மொபெட் நுழைந்தாலே எதிரே வருபவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அதில் ஒரு வெள்ளைக் கார் மூக்கை நுழைத்துவிட்டு, முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் கத்திக்கொண்டிருந்தது.

மார்கழிக் குளிரில் வாசலில் போட்ட கோலம் இன்னும் காயவில்லை. காரிலிருந்து இறங்கிய ஆள் அதை மிதித்துக்கொண்டே வந்தார்.

"இங்க குமரகுரு குருக்கள்னு யாரு?"

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சைலஜா வெளியே வந்தாள். கிழக்குக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரூம் புக்கிங் பார்க்கிறவள் அவள். கோபமாக வருகிறவர்களைப் பார்த்துப் பழக்கம். உட்காருங்கள் என்றாள். அவர் உட்காரவில்லை. கையிலிருந்த போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

திரையில் அவள் கணவன் சிரித்துக்கொண்டிருந்தான். கையில் ஆரத்தித் தட்டு, தோளில் ஜரிகை அங்கவஸ்திரம். கீழே, 'அண்ணாமலையார் ஸ்பெஷல் அர்ச்சனை, பிரசாதம் வீடு தேடி வரும், குமரகுரு குருக்கள்' என்று எழுதி ஒரு போன் நம்பர். அது அவர்கள் வீட்டில் யாருடைய நம்பரும் இல்லை.

வந்தவர் பெயர் மூர்த்தி. ஆம்பூர்ப் பக்கம் செருப்புக் கம்பெனியில் சூப்பர்வைசர். மகளுக்குத் தலைப்பிரசவம், டாக்டர் வேறு சிக்கல் என்று சொல்லிவிட்டார். பிரசவத்துக்கு முன்னால் விபூதி வந்து சேர வேண்டும் என்று மனைவி பணம் கட்டியிருக்கிறாள். விபூதியும் வரவில்லை, அந்த நம்பரும் இப்போது எடுப்பதில்லை. விடியற்காலையில் காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள்.

குளித்த ஈரத் தலையோடு குமரகுரு வந்து நின்றான். போனைப் பார்த்தான். இது என் நம்பர் இல்லை, இப்படி ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரியும் என்றான். மூர்த்தி நம்பினதாகத் தெரியவில்லை. அவர் மனைவி காரிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். குமரகுரு நேராக அவளிடம் போய்ப் பெண்ணின் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டான்.

"இனியா. பூசம்" என்றாள் அவள்.

அடுத்த நிமிஷம் அவன் கோயிலை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தான். சிறிது நேரத்தில் விபூதி, குங்குமம், ஒரு முழம் மல்லிகையோடு திரும்பி வந்தான். காசு எதுவும் வாங்கவில்லை. அந்த அம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மூர்த்தி மட்டும் விடவில்லை.

"பணம் வாங்காதவரு எதுக்குங்க இப்படி ஓடிப் போய்ச் செய்யறீங்க? பயந்துட்டுத்தானே?"

 அந்தக் கேள்வி அந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போகும் என்று குமரகுருவுக்கு அப்போது தெரியவில்லை.

மூர்த்தி முதல் ஆள்தான். அந்த நம்பர் அடங்கிப்போன பிறகு, ஏமாந்தவர்கள் குமரகுருவின் பெயரை வைத்துக் கோயிலைச் சுற்றி விசாரிக்க ஆரம்பித்தார்கள். சிலர் நேரில் வந்தார்கள். பலர் எப்படியோ அவன் நிஜ நம்பரைப் பிடித்துத் திட்டினார்கள். திட்டி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் அவன் கேட்டது ஒன்றுதான்: யார் பேருக்கு அர்ச்சனை, என்ன நட்சத்திரம், எந்த ஊர் விலாசம்?

அந்தக் குடும்பத்தின் வழக்கம் அது. வேண்டுதலோடு ஒருவர் பெயரும் நட்சத்திரமும் குருக்களின் காதில் விழுந்துவிட்டால், அதைச் சுவாமி முன்னால் சொல்லியே ஆக வேண்டும். தட்சிணை வந்ததா, வரவில்லையா என்பது பிறகு. குமரகுரு ஒவ்வொருவருக்கும் அர்ச்சனை செய்தான். பிரசாதத்தைப் பொட்டலம் கட்டி, அனுப்புநர் குமரகுரு என்று தன் கையெழுத்திலேயே எழுதிக் கூரியரில் போட்டான்.

இது எங்கே போய் முடியும் என்று சைலஜா கேட்டாள். நம்ம மேல தப்பு இல்லையே, பிறகென்ன என்றான் அவன்.

முடிந்தது பெரியப்பா உமாமகேஸ்வரனிடம்.

குமரகுருவின் சின்ன வயதிலேயே அப்பா காலமாகிவிட்டார். அவனை வளர்த்து, மந்திரம் சொல்லிக் கொடுத்து, கோயிலுக்குள் கைபிடித்துக் கூட்டிப் போனவர் பெரியப்பாதான். தை பிறந்தால் அவர்கள் குடும்பத்துக்குப் பூஜை முறை. அந்த முறையில் இந்த வருஷம் முதல் நாள் பூஜையைக் குமரகுருவே செய்ய வேண்டும் என்று ஆடியிலேயே சொல்லியிருந்தார். அவன் அதைத் தெருவில் பாதிப் பேரிடம் சொல்லியாகிவிட்டது.

ஒருநாள் மத்தியானம் பெரியப்பா வந்தார். கோயில் வாசலில் யாரோ இரண்டு பேர் 'அந்த ஏமாத்துக்காரக் குருக்கள் உள்ளதான் இருக்கானா' என்று கேட்டதைத் தன் காதாலேயே கேட்டுவிட்டு வந்திருந்தார். உட்காரவில்லை. தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

"பேர் தெளியட்டும்டா. அதுவரைக்கும் நீ உள்ளே வர வேண்டாம்."

நீங்களும் என்னைச் சந்தேகப்படறேளா என்று குமரகுரு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அவன் பக்தர்களோடு தர்ம தரிசன வரிசையில் நின்றான். புதிதாகப் போனில் வந்த பெயர்களைக் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே முணுமுணுத்தான். பொட்டலம் கட்டுவதையும் நிறுத்தவில்லை.

சைலஜா அன்று சாயங்காலமே லேப்டாப்பைத் திறந்தாள். லாட்ஜில் ஒருமுறை போலி புக்கிங் தொல்லை வந்தபோது, சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் கொடுத்தது அவள்தான். என்ன நடந்தது, எந்த நம்பர், எந்தப் பக்கம் எல்லாவற்றையும் நிதானமாக டைப் செய்தாள். ஓர் இடத்தில் மட்டும் அவள் விரல் நின்றது. சந்தேகப்படும் நபரின் படம் இருந்தால் இணைக்கவும் என்று இருந்தது.

அவளிடம் இருந்த ஒரே படத்தில் சிரித்துக்கொண்டிருந்தது அவள் கணவன்.

குமரகுரு எட்டிப் பார்த்தான். அந்தக் களேபரத்திலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "புகார் கொடுக்கறவனும் நானே, புகார்ல இருக்கறவனும் நானே. பேசாம நானே என்னைப் பிடிச்சுக் கொடுத்துடறேன்" என்றான். சைலஜா சிரிக்கவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, போலிப் பக்கத்தின் படத்தை ஆதாரங்களோடு சேர்த்தாள். புகார் எண் வந்தது.

பெரியப்பாவுக்கு விஷயம் தெரிந்தபோது உதட்டைப் பிதுக்கினார். மூஞ்சியே காட்டாமல் ஒரு புகாரா, நேரே ஸ்டேஷனுக்குப் போனாலாவது உட்காரச் சொல்லி ஒரு டீ தருவான் என்றார்.

டீ தராவிட்டாலும் போன் வந்தது. வேங்கிக்கால் பக்கம் இருந்த சைபர் கிரைம் போலீஸிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் அன்புச்செல்வி பேசினார். இரண்டு பேரும் நேரில் வர வேண்டும் என்றார்.

அன்புச்செல்விக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். அடி அண்ணாமலையில் நிலம் வைத்திருக்கும் குடும்பம். குருக்களைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் எழுந்திருக்கப் போனவர், சுதாரித்து உட்கார்ந்துகொண்டார். அவர் முன்னால் கம்ப்யூட்டரில் இரண்டு புகார்கள் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தன. ஒன்று சைலஜா கொடுத்தது. இன்னொன்று ஆம்பூரிலிருந்து மூர்த்தி கொடுத்தது. இரண்டும் ஒரே போன் நம்பரைப் பற்றியவை. மூர்த்தியின் புகாரில், ஏமாற்றியவர் பெயர் என்ற இடத்தில் குமரகுருவின் பெயர் இருந்தது.

அன்புச்செல்வி சுற்றி வளைக்கவில்லை. விசாரணையில் கிடைத்த ஒரு கூரியர் கவரின் படத்தை மேஜை மேல் போட்டார். "இது உங்க கையெழுத்தா?"

ஆமாம் என்றான் குமரகுரு.

"அந்தப் பக்கத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லேன்னு எழுதியிருக்கீங்க. அப்ப அதுல பணம் கட்டினவங்களுக்கு நீங்க ஏன் பிரசாதம் அனுப்பணும்? ஆர்டர் எடுத்தவர்தானே சரக்கு அனுப்புவாரு?"

"பேரும் நட்சத்திரமும் காதுல விழுந்துடுத்துங்க. அப்புறம் எப்படிச் செய்யாம இருக்கறது?"

அன்புச்செல்வி பேனாவை மூடினார். "இதை நான் ரிப்போர்ட்ல எப்படிங்க எழுதறது?"

சைலஜா வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். தான் நம்புவதும் நம்பாததும் வேறு விஷயம், ஆனால் இந்தப் பொட்டலங்கள் ஒவ்வொன்றும் குருக்களுக்கு எதிராகப் பேசுகின்றன என்றார். பிறகு கொஞ்சம் குரலைத் தணித்து ஒரு வழி சொன்னார். பொட்டலம் வாங்கியவர்கள் ஒவ்வொருவரும் அவரவர் ஊரிலிருந்தே ஆன்லைனில் புகார் கொடுக்கட்டும். எந்த நம்பருக்குக் கட்டினார்கள், குருக்களிடம் எப்போது பேசினார்கள், பொட்டலம் எப்போது வந்தது, அது மட்டும் போதும்.

"உங்க வீட்டுக்காரரைப் புகழ்ந்து எழுதச் சொல்லாதீங்க. நடந்ததை எழுதச் சொல்லுங்க" என்றார் சைலஜாவிடம்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சைலஜா கணவனைப் பார்த்தாள். அவன் முகம் செத்திருந்தது. "விடுங்கோ. நீங்க பண்ணின தப்பாலதான் நம்ம கையில எல்லார் விலாசமும் இருக்கு" என்றாள்.

அது உண்மைதான். கூரியர் ரசீதுகளில் ஊர் ஊராக விலாசமும் போன் நம்பரும் இருந்தன. லாட்ஜில் பகல் நேரத்தில் ரூம் கேட்டு வருகிறவர்கள் குறைந்ததும், ஒருவர் விடாமல் கூப்பிட ஆரம்பித்தாள்.

சேலத்து ஆசிரியர் ஒருவர், போனது போகட்டும்மா என்றார். புதுச்சேரியில் ஒரு பெண், கணவருக்குத் தெரியாமல் கட்டிய பணம், போலீஸ் வீட்டுக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று நடுங்கினாள். விழுப்புரத்தில் ஒரு பெரியவர், சாமி காரியத்தில் கேஸ் எதற்கு என்றார். யாரும் எங்கேயும் போக வேண்டாம், சமையல்கட்டில் உட்கார்ந்தே எழுதலாம், நான் லைனிலேயே இருக்கிறேன் என்று சைலஜா ஒவ்வொருவருக்கும் சொன்னாள். பணம் கட்டிய தகவலை எப்படிப் படமாக எடுப்பது, அதை எங்கே சேர்ப்பது, எந்த இடத்தில் என்ன எழுதுவது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். புதுச்சேரிப் பெண்தான் முதலில் புகாரை முடித்தாள். முடித்துவிட்டு, இவ்வளவுதானா அக்கா என்று கேட்டாள்.

மூர்த்தி மட்டும் சைலஜாவின் குரலைக் கேட்டதுமே போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அதே நம்பரிலிருந்து அவர் மனைவி பேசினாள். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம், அந்த விபூதியைத்தான் முதலில் வைத்தோம் என்றாள். பின்னாலிருந்து மூர்த்தி, எதை எங்க மாத்தி எழுதணும்னு கேளு என்று சொல்வது சைலஜாவுக்குக் கேட்டது.

வீட்டிலும் இந்தப் போன் வேலை நடந்தது. அந்தச் சமயங்களில் பெரியப்பா ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வருவார். வாழை இலை கொடுக்க வருவார், பஞ்சாங்கம் கேட்க வருவார். குமரகுருவிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். கூடத்தில் உட்கார்ந்து சைலஜா பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போய்விடுவார். அவரிடமும் ஒரு ஸ்மார்ட் போன் உண்டு. கண்ணாடியெல்லாம் விபூதிக் கைரேகை. அதில் அவர் செய்வதெல்லாம் காலை வணக்கப் படங்களை வாங்கி வேறு ஆட்களுக்கு அனுப்புவதுதான். ஒருநாள் சைலஜாவிடம், திரையில் இருப்பதை அப்படியே படம் பிடிப்பது எப்படி என்று கேட்டார். நல்ல நேர அட்டவணை ஒன்று வந்திருக்கிறது, எடுத்து வைத்துக்கொள்ள வேண்டுமாம். அவள் காட்டிக் கொடுத்தாள்.

மார்கழி முடியப் போகும் நேரத்தில் அன்புச்செல்வி மறுபடி கூப்பிட்டார். பல ஊர்ப் புகார்களும் ஒரே கதையைச் சொல்கின்றன, எல்லாப் பணமும் ஒரே கணக்குக்குப் போயிருக்கிறது, அது குருக்கள் கணக்கு இல்லை, குருக்களோடு எல்லோரும் பேசியதே ஏமாந்த பிறகுதான் என்று தெளிவாகிவிட்டது என்றார். அது நல்ல செய்தி. கெட்ட செய்தி, அந்தப் பணம் எப்போதோ கணக்கு விட்டுக் கணக்கு தாவிப் போய்விட்டது. அந்தப் பக்கமும் இப்போது வேறு பெயரில், வேறு நம்பரோடு திரும்ப முளைத்திருக்கிறது. படம் மட்டும் அதே படம்.

"இப்ப ஏமாந்தவங்க யாராச்சும் கொஞ்ச நேரத்துக்குள்ள சைபர் உதவி எண் 1930-க்குச் சொல்லிட்டா பணத்தை அப்படியே நிறுத்தி ஆளைப் பிடிக்கலாம். ஆனா எல்லாரும் ரெண்டு வாரம் பிரசாதத்துக்குக் காத்திருந்துட்டுத்தான் வர்றாங்க" என்றார்.

அன்று பெரியப்பா கூடத்தில்தான் இருந்தார். சைலஜா விஷயத்தைச் சொன்னாள். போலீஸே சொல்லியாயிற்று, இனி இவர் உள்ளே வரலாமில்லையா என்றும் கேட்டாள். பெரியப்பா எழுந்து துண்டை உதறினார். அதே மூஞ்சி இன்னும் அதே இடத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறதே, நாளைக்கு ஏமாறுகிறவன் போலீஸைக் கேட்டுவிட்டா வரப் போகிறான் என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

குமரகுரு சாப்பிடாமல் படுத்துவிட்டான். முதல் நாள் பூஜை இனி வேறு யாருக்காவது போகும். அது கூடப் பரவாயில்லை. வளர்த்தவர் ஒருதரம் கூட 'நீ செய்யலைன்னு எனக்குத் தெரியும்டா' என்று சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு ஆறவில்லை.

போகிப் பண்டிகை அன்று காலை தெருவெல்லாம் பழைய பாய் எரிந்த புகை. சைலஜாவின் போன் அடித்தது. அன்புச்செல்வியின் குரலில் முதல்முறையாகச் சிரிப்பு இருந்தது.

ஆள் அகப்பட்டுவிட்டான். மூன்று நாளைக்கு முன்னால் யாரோ ஒருவர் அந்தப் புதுப் பக்கத்தில் பணம் கட்டிவிட்டு, கட்டிய கையோடு 1930-க்கும் போன் போட்டிருக்கிறார். போனில் சொன்னதோடு விடாமல், படங்களையெல்லாம் சேர்த்து ஆன்லைனிலும் புகார் பதிந்திருக்கிறார். பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே முடக்கப்பட்டது. கணக்கு வைத்திருந்தவன் கமிஷனுக்கு அதை வாடகைக்கு விட்ட ஒரு பையன். அவன் கைகாட்டியது ஒரு வீடியோகிராபரை. போன வருஷம் ஓர் அறுபதாம் கல்யாணத்தில் குமரகுரு ஆரத்தி எடுத்தபோது படம் பிடித்தவன் அவன்தான். பக்கத்தையும் மூடியாகிவிட்டது.

புகார் கொடுத்த புண்ணியவான் யார் என்று சைலஜா கேட்டாள். பெயர் சொல்லக் கூடாது என்றார் அன்புச்செல்வி. ஆனால் வயசானவர், உங்கள் ஊர்க்காரர்தான், 1930-இல் பேசினவர்களுக்கு நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் அன்றைய திதியைச் சொன்னாராம் என்றார்.

சைலஜா போனை வைத்தாள். விபூதிக் கைரேகை படிந்த ஒரு போன் அவள் ஞாபகத்துக்கு வந்தது. கணவனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

குமரகுரு சட்டை கூடப் போடாமல் கிளம்பினான். நான்கு வீடு தள்ளித்தான் பெரியப்பா வீடு. சைலஜாவும் பின்னாலேயே போனாள். பெரியப்பா கிணற்றடியில் நின்று, நாளைய பூஜைக்கான பித்தளைக் குடங்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

நாளைக்கு விடியறதுக்கு முன்னாடியே வந்துடு, பூக்கூடையை நீயே வாங்கிண்டு வா, முதல் பூஜை உன்னோடதுதான் என்றார், குடத்தைப் பார்த்தபடியே.

குமரகுரு நகரவில்லை. இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டான்.

"அதை அப்புறம் சொல்லுங்கோ. என்னைச் சந்தேகப்பட்டேளா பெரியப்பா?"

பெரியப்பாவின் கை நின்றது. குடத்தைக் கீழே வைத்தார். புளிக் கையைத் துடைக்காமலே நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"பட்டேன்டா. பொட்டலம் உன் கையெழுத்துல வர்றதான்னு பார்த்துடணும்னுதான் அதுல பணம் கட்டவே உட்கார்ந்தேன், 1930 எல்லாம் அப்போ நினைப்புல இல்லை. ஆனா யார் பேருக்கு அர்ச்சனைன்னு அவன் கேட்டப்போ, குமரகுரு, உத்திரட்டாதின்னுதான் வாயில வந்துது."